மூன்று ஸ்டாப் வெயில்

பனமாலி சர்க்கார் தெருவில் வெயில் முழுசாக இறங்குவதில்லை. இரண்டு பக்கத்துக் கூரைகளும் தகரமும் ஓடுமாக நீட்டிக்கொண்டிருக்க, நடுவில் விட்டுவைத்த இரண்டு முழ அகலத்துக்கு மட்டும் மேலேயிருந்து கொட்டுகிறது. கொட்டின இடத்தில் தரை வெள்ளையாக எரிகிறது. அங்கிருந்து நாலடி தள்ளி, பட்டறைக்குள், பட்டப்பகலிலும் பல்பு போட்டிருக்கிறார்கள்.

எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் மண் குவளை. ஷோபாபஜார் மெட்ரோவில் இறங்கி, துர்கா பூஜைக்கு முந்தின இந்த வாரங்களில், சாமி சிலை செய்கிற குமார்டுலிக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவது பல வருஷப் பழக்கம். யாரிடமும் பேசுவதில்லை. உத்தியோகமும் அப்படிப்பட்டதுதான். ஒரு டிவி நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் முப்பது வருஷம் அலைவரி மானிட்டர் முன்னால் உட்கார்ந்து, வெள்ளை எரிந்து போகாமல் பார்த்துக்கொண்டேன். மந்திரி வெள்ளைக் குர்தாவில் வந்தால் எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கும்.

பட்டறையின் பின்பக்கம் வைக்கோல் பொம்மைகள். தலை இல்லை, விரல் இல்லை. பத்துக் கைகளும் சணல் கயிற்றில் இறுக்கிக் கட்டின பிரிகளாக நீண்டிருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் களிமண் பூசிக் காய்கிற சாம்பல் உருவங்கள். கங்கையில் படகேறி வந்த மண். வாசலை ஒட்டி நிற்பவள் மட்டும் முடிந்துவிட்டாள். எந்தப் பந்தல்காரர்களோ முன்கூட்டியே கேட்டிருக்கிறார்கள் போல. மஞ்சள் முகம், சணல் நார் கூந்தல், சோலாத் தக்கையில் வெட்டின வெள்ளை அணிகலன். அவள் கன்னத்துக்குப் பட்டறைப் பெரியவர் கடைசிப் பூச்சு கொடுத்துக்கொண்டிருக்கிறார். காம் தேல் என்பார்கள் இங்கே. காம் என்றால் வியர்வை, தேல் என்றால் எண்ணெய். வார்னிஷ்தான். ஆனால் அதைப் பூசின பிறகு மண் முகத்தில் மனுஷி முகத்தின் ஈரம் வந்துவிடுகிறது.

அவர்கள் இரண்டு பேராக வந்தார்கள். பெண் ஒரு முழு தெர்மாகோல் பலகையை வெயிலுக்குத் தலைமேல் பிடித்துக்கொண்டு வந்தாள். பையன் தோளில் ஸ்டாண்டு, முதுகில் பள்ளிக்கூடப் பை. இருபத்தி மூன்று, இருபத்தி நாலு வயசிருக்கும். பெண் வங்காளி. உள்ளே நுழையும்போதே "ஜேத்து" என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். பெரியப்பா. பெரியவர் திரும்பாமலே "வாம்மா" என்றார். நாலைந்து தடவை வந்து போன பழக்கம் தெரிந்தது.

பையிலிருந்து கேமரா வெளியே வந்தது. பானாசோனிக் ஜிஹெச்5. மூலைகளில் பெயின்ட் போய் உலோகம் தெரிகிறது. அடிப்பக்கத்தில் யாரோ ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டின தழும்பு. எஸ்பிளனேடு மெட்ரோ கலி என்கிற சந்துக்குள் இந்த மாதிரிப் பெட்டிகள் கண்ணாடி அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கல்யாண வீடியோக்காரர்கள் புதுசு வாங்கும்போது தள்ளிவிட்டுப் போனவை. 2017இல் வந்த மாடல். இன்றைக்குக் கிழம் என்பார்கள். ஆனாலும் அது 10 பிட்டில் பதிவு செய்யும். வந்த வருஷமே பிற்பாதியில், ஒரு மென்பொருள் மேம்படுத்தலில், ஹெச்எல்ஜி என்கிற வெளிச்ச வளைகோடும் அதற்குள் வந்து சேர்ந்தது. 8 பிட் என்றால் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 10 பிட் என்றால் 1024. கருக்கலில் ஆகாயத்தை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆகாயம் மாடிப்படி மாதிரி பட்டை பட்டையாகத் தெரிகிறதே, அது படி பற்றாத கோளாறு. இருட்டையும் மினுக்கத்தையும் சேர்த்துக் காட்டுகிற ஹெச்டிஆர் என்று வந்துவிட்டால் அதே படிகளை இன்னும் நீளமான ஏணியில் பரப்பிக் கட்ட வேண்டியிருக்கிறது. 8 பிட்டில் அது பல் போன சீப்பு.

பையன் வாசலுக்கு உள்ளே நாலடியில் ஸ்டாண்டை வைத்தான். ஒரு பக்கம் பெரியவர், நடுவில் அம்மன் முகம், பின்னால் வாசல் வழியாக எரிகிற தெரு. மூன்றும் ஒரே சட்டத்தில் வேண்டும். நல்ல ஆசைதான். திரையைப் பார்த்தான், திருகினான், மறுபடி பார்த்தான். பிறகு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு யாரையோ அழைத்தான்.

"மாப்ள, எங்கடா இருக்க? சாலிகிராமமா? சரி, ஒரு ரெண்டு நிமிஷம். இங்க பெரியவர் மூஞ்சி தெரியணும்னு தொறந்தா வாசல் மொத்தமா எரிஞ்சு போகுது. வாசலப் பிடிச்சா பெரியவர் கரிக்கட்டையா நிக்கிறாரு. நடுவுல வச்சா ரெண்டும் கெட்டுப்போகுது."

டீ தொண்டையில் ஒரு நொடி நின்றது. இந்த ஊரில் தமிழ் கேட்காமல் இல்லை, லேக் மார்க்கெட் பக்கம் போனால் கறிவேப்பிலை வாங்குகிற இடத்தில் கேட்கும். இந்தச் சந்தில், வைக்கோலுக்கும் களிமண்ணுக்கும் நடுவில், தேனிப் பக்கத்து இழுவையோடு கேட்டதுதான் புதுசு. எழுந்து போய் ஊர் எது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் அப்புறம் போனில் இப்படிப் பேசமாட்டான். உட்கார்ந்தே இருந்தேன்.

அவன் அந்தப் பக்கத்து யோசனையைக் கேட்டுவிட்டு, "டேய், அதெல்லாம் கம்ப்யூட்டர்ல வராதுடா, எரிஞ்சது எரிஞ்சதுதான்" என்று வைத்தான்.

சரியாகச் சொன்னான். சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடம். வெளிச்சம் விழ விழக் குடம் நிறைகிறது. நிறைந்து வழிந்துவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் நிறைகுடம் என்பதைத் தவிர வேறு கணக்கு அதனிடம் இல்லை. வாசல் வெளியே போகிற ரிக்‌ஷாக்காரர், அவர் மேல்துண்டு, எதிர்ச்சுவர் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். அடியில் இன்னொரு தொல்லை. குடத்தில் நாலு சொட்டுதான் விழுந்தது என்றால், அந்த நாலு சொட்டு எது, குடத்தின் சொந்த ஈரம் எது என்று பிரிக்கமுடியாது. கறுப்பில் எறும்பு ஊர்கிற மாதிரிப் புள்ளிகள் துடிப்பது அதனால்தான். வழிகிற மட்டத்துக்கும் ஈர மட்டத்துக்கும் நடுவில் இருப்பதை ஸ்டாப்பில் எண்ணுகிறார்கள். ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. பத்து ஸ்டாப் என்றால் 1024 மடங்கு.

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய வியாதி. நேர் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். பட்டறைக்குள் நூறு இருந்தால் அதிகம். ஆயிரம் மடங்கு, அதாவது பத்து ஸ்டாப், வெளிச்சத்தில் மட்டும். அதற்கு மேல் பொருள்களின் வித்தியாசம் இருக்கிறது. சோலாத் தக்கை விழுந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். சாயம் போட்ட சணல் கூந்தல் அதில் இருபதில் ஒரு பங்குகூடத் தராது. அது ஒரு நாலரை ஸ்டாப். ஆகப் பதினாலு, பதினைந்து. பையன் கையில் இருக்கிற பெட்டி எப்படிப் பிழிந்தாலும் பன்னிரண்டு கொடுக்கும். மூன்று உதைக்கிறது.

வீட்டு விலைக்கு ஒரு கேமரா வாங்கினால் இந்த மூன்றும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். இல்லாதவர்கள் காலகாலமாக வேறு வழி தேடியிருக்கிறார்கள். பாரிசில் குஸ்தாவ் லெ கிரே என்று ஒருவர் 1850களில் கடலைப் படமெடுத்தார். கடலுக்கு வெளிச்சம் வைத்தால் மேகம் எரிகிறது, மேகத்துக்கு வைத்தால் கடல் இருள்கிறது. மனுஷன் ஆகாயத்துக்கு ஒரு நெகட்டிவ், தண்ணீருக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டார். நூற்று ஐம்பது வருஷம் கழித்து மேஜிக் லேன்டர்ன் என்கிற இலவச மென்பொருள்காரர்கள் சாதாரண கேனான் கேமராக்களுக்குள் நுழைந்து அதையே வீடியோவில் செய்தார்கள். ஒரு ஃபிரேம் இருட்டாக, அடுத்தது வெளிச்சமாக, மாற்றி மாற்றி எடுத்து, இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குவது. வினாடிக்கு 50 எடுத்தால் கையில் 25 வரும். அசையாத பொருளுக்கு அருமை. கையை வீசினால் பேய்க்கை ஒன்று கூடவே வீசும். 2013இல் அதே கூட்டம் இன்னொரு வேலை செய்தது. ஒரே ஃபிரேமுக்குள் சில வரிகளை ஐஎஸ்ஓ 100லும் சில வரிகளை 1600லும் படிக்க வைத்தார்கள். பேய் போயிற்று, நுணுக்கம் கொஞ்சம் போயிற்று. எனக்கு அந்தக் கிறுக்குத்தனத்தின் மேல் இன்றைக்கும் மரியாதை உண்டு. ஆனால் இங்கே தூரிகை பிடித்த கை நகர்ந்துகொண்டே இருக்கிறது. அது உதவாது.

பெண் தெர்மாகோலை வைத்து ஒரு சுற்று வந்தாள். தெருவெளிச்சத்தை அது வாங்கி உள்ளே திருப்பியது. பெரியவரின் இடது கன்னம் இருட்டிலிருந்து எழுந்தது. நரைத்த தாடி மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நல்ல மாற்றம். ஒரு ஸ்டாப் தேறும். ஆனால் வாசல் இன்னும் எரிகிறது.

பையன் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு பள்ளிக்கூடப் பையின் அடியில் கைவிட்டு ஒரு துணியை உருவினான். எட்டு முழ வேட்டி. வெள்ளை, மெல்லிய பச்சைக் கரை. இஸ்திரி போட்ட மடிப்புக்கூடக் கலையவில்லை.

பட்டறைப் பொடியன்கள் இரண்டு பேர், வைக்கோல் கட்டுகிறவர்கள், சிரித்துக்கொண்டே கூரை ஓரத்துக்கு ஏறினார்கள். இந்தப் பக்கத்துத் தகரத்தில் இரண்டு முனை, எதிர்ப்பக்கத்து மூங்கிலில் இரண்டு முனை. துணி காயப்போடுகிற கிளிப்பும் சணல் கயிறும். வாசலுக்கு நேரே, கொட்டுகிற வெயிலின் குறுக்கே, வேட்டி விதானம் போல நின்றது. வெள்ளையாக எரிந்துகொண்டிருந்த தரை சட்டென்று தரையாகிவிட்டது. செங்கல் தெரிந்தது, ஓடுகிற சாக்கடைத் தண்ணீர் தெரிந்தது, ஒரு பூனை தெரிந்தது. அது அவ்வளவு நேரமும் அங்கேதான் படுத்திருந்திருக்கிறது. கூடையில் சிங்கத்தின் தலையைச் சுமந்து வந்த ஒருவர் வேட்டிக்கு அடியில் வரும்போது காரணமில்லாமல் குனிந்து போனார்.

ஒரு அடுக்குப் பருத்தித் துணி இரண்டு ஸ்டாப் அளவுக்கு வெயிலைத் தின்னும். உள்ளே தெர்மாகோல் கொடுத்தது ஒன்று. உதைத்துக்கொண்டிருந்த மூன்றும் அடங்கிவிட்டது.

கல்கத்தாவில் வெள்ளைத் துணி என்றால் எனக்கு சுப்ரதா மித்ரா ஞாபகம் வராமல் போகாது. சத்யஜித் ரேயின் பதேர் பாஞ்சாலிக்கு 1952இல் கேமரா பிடிக்க வந்தபோது அவருக்கு வயது 21. சினிமா கேமராவை அதற்கு முன் இயக்கினதில்லை. அதற்குக் கொஞ்ச காலம் முன்பு ழான் ரெனுவார் இந்த ஊரில் 'தி ரிவர்' எடுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்துக் குறிப்பெடுத்ததுதான் அவர் படித்த படிப்பு. எடுத்தவரை நிறுத்தி நிறுத்தி, காசு தீர்ந்து, ரே இன்ஷூரன்ஸ் பாலிசியையும் மனைவியின் நகையையும் அடகு வைத்து, கடைசியில் மாநில அரசு கைகொடுத்து 1955இல் படம் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. துணிக் கதை அதற்கடுத்த அபராஜிதோவில் வருகிறது. காசியில் அந்தக் குடும்பம் குடியிருக்கிற வீட்டின் முற்றத்தைத் திறந்தவெளியில் கட்டுவதாகத்தான் திட்டம். மழை வந்து கெடுத்துவிடும் என்று பயந்து, கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அதைக் கல்கத்தா ஸ்டூடியோ ஒன்றுக்குள் கட்டவேண்டியதாயிற்று. மித்ராவுக்கு இது பிடிக்கவில்லை. காசி வீட்டு முற்றத்தில் வெளிச்சம் ஆகாயத்திலிருந்து நிழலில்லாமல் இறங்கும். ஸ்டூடியோ விளக்கைப் போட்டால் ஆளுக்கு நாலு நிழல் விழும், எப்படிப் பொய் சொல்வது என்று மல்லுக்கு நின்றார். வாதத்தில் தோற்றார். தோற்றவர் செட்டுக்கு மேலே ஆகாயம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை நடிகர்கள் பக்கம் திருப்பாமல் துணியைப் பார்த்துத் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பின வெளிச்சம் முற்றத்தில் இறங்கியது. 1956இல் படத்தைப் பார்த்தவர்கள் அது காசியில் எடுத்தது என்றே நம்பினார்கள். பவுன்ஸ் லைட்டிங் என்று உலகம் இதைக் கொண்டாடினபோது, 1961இல் பெர்க்மனுக்குப் படம் பிடித்த ஸ்வென் நீக்விஸ்டின் பேரைத்தான் முதலில் எழுதினார்கள்.

மித்ராவின் துணியும் இந்த வேட்டியும் ஒரே வேலையைச் செய்யவில்லை. அது வெளிச்சத்தைத் திருப்பியது, இது வடிகட்டுகிறது. ஆனால் கை காட்டுகிற திசை ஒன்று. அந்த நாளின் படச்சுருளும் பெரிய வித்தியாசத்தைத் தாங்குகிற சுருள் இல்லை. சுருள் தாங்குகிற அளவுக்கு உலகத்தைச் சுருக்கிக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்தார்கள். பைபாஸ் ஓரத்து சத்யஜித் ரே திரைப்படக் கல்லூரியில் 1997லிருந்து 2001இல் சாகிற வரைக்கும் மித்ரா பாடம் எடுத்தார். இந்தப் பையன் அங்கே படிக்கிறானா, இல்லை சும்மா ரயிலேறி வந்தவனா, தெரியாது. வேட்டியைக் கட்டின தினுசைப் பார்த்தால் இது புத்தகத்தில் கற்றதாகத் தோன்றவில்லை. அவன் ஊர்த் திருவிழாவில் பந்தல் போட்டிருப்பான்.

இனி அளவு. அவன் திரையில் ஜீப்ராவைப் போட்டான். குறிப்பிட்ட வெளிச்சத்தைத் தொட்ட இடமெல்லாம் வரிக்குதிரைத் தோல் மாதிரி சாய்கோடுகள் ஓடும். எந்த எண்ணில் வைக்கிறான் என்று பார்க்க எனக்கு ஆசை. பெஞ்சிலிருந்து தெரியவில்லை. அவனே சொல்லிவிட்டான், அந்தப் பெண்ணிடம், இந்தியும் இங்கிலீஷும் கலந்து: தெர்மாகோலை அம்மன் முகத்துக்குப் பக்கத்தில் பிடி, எழுபத்தைந்தில் கோடு வந்ததும் சொல்கிறேன்.

எழுந்து கைகொடுக்கத் தோன்றியது. விஷயம் தெரிந்தவன்.

எங்கள் காலத்து டிவியில் வெள்ளை என்றால் நூறு. திரை கொடுக்கிற உச்சமே 100 நிட் என்று வைத்து வகுத்த கணக்கு. வெள்ளைத் தாளும் அதற்குள், அதன்மேல் விழுகிற வெயிலும் அதற்குள், சூரியனும் அதற்குள். எல்லாவற்றையும் ஒரே டிரங்குப் பெட்டியில் மிதித்து மூடின மாதிரி. ஹெச்எல்ஜி என்று பிபிசியும் ஜப்பானின் என்ஹெச்கேயும் சேர்ந்து செய்த வளைகோட்டில், வெள்ளைத் தாளுக்கு இடம் எழுபத்தைந்து சதவீதத்தில். அதற்கு மேல் இருக்கிற இருபத்தைந்து சதவீதம் முழுக்க மினுக்கத்துக்கு விட்டது: தண்ணீரில் தெறிக்கிற வெயில், பித்தளைக் குடத்தின் வயிற்றில் விழுகிற புள்ளி, விளக்குச் சுடர். கீழ்ப்பாதி பழைய டிவிக்காரர்களின் வளைவு. ஆகையால் பழைய பெட்டியில் போட்டாலும் படம் ஏறக்குறையப் படமாகவே தெரியும், தனியாக இன்னொரு பிரதி வேண்டியதில்லை. டால்பிக்காரர்களிடமிருந்து வந்த பிகியூ என்கிற மற்ற வழி 10,000 நிட் வரைக்கும் கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் அதை ஒழுங்காகப் பார்த்துத் திருத்த நல்ல மானிட்டர் வேண்டும், அந்த மானிட்டர் விலையில் இந்தப் பையன் நாலைந்து கேமரா வாங்கலாம். இல்லாதவனுக்கு ஹெச்எல்ஜி.

எழுபத்தைந்தில் தெர்மாகோல் முழுக்கக் கோடு விழுந்திருக்க வேண்டும். அவன் "ஓகே" என்றான். தெர்மாகோலை விலக்கினாள். இப்போது வெள்ளைத் தாளின் இடம் நிச்சயமாகிவிட்டது. அம்மனின் மஞ்சள் முகம் அதற்குக் கீழே நிதானமாக உட்கார்ந்திருக்க, அவள் கன்னத்து வியர்வை எண்ணெயில் பல்பு விழுந்த அந்தச் சின்னப் புள்ளி மட்டும் மேலே ஏறி நிற்கும்.

பத்து நிமிஷம் எடுத்தார்கள். பெரியவர் ஒரு தடவைகூடக் கேமராவைப் பார்க்கவில்லை. அந்தப் பூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தட்டைத் தூரிகை, எண்ணெயைத் தொட்டு, ஓரத்தில் வழித்து, கன்ன எலும்பின் மேல் வைத்து, காதுப் பக்கமாக ஒரே இழுப்பு. இழுத்த இடம் ஈரமாகிறது. இழுக்காத இடம் இன்னும் சுவர்ப் பெயின்ட். நடுவில் ஒரு கோடு, நகர்ந்துகொண்டே போகிறது. பழைய டிவியில் இந்தக் கோடு தெரிந்திருக்காது. இரண்டு பக்கமும் மஞ்சள்தான், ஒரு பக்கம் மினுங்குகிறது, அவ்வளவு. அந்த மினுக்கமோ நூறுக்குள் நசுங்கி, வெள்ளைக் காகிதம் ஒட்டின மாதிரி நிற்கும். முப்பது வருஷம் நானே எத்தனையோ மினுக்கங்களை அப்படி நசுக்கியிருக்கிறேன்.

பெண் கார்டை உருவி, ரீடரில் மாட்டி, தன் போனில் போட்டுப் பெரியவரிடம் காட்டினாள். மானிட்டருக்கு வக்கில்லாதவர்களுக்கு இப்போது போன்தான் மானிட்டர். நல்ல போன்களின் திரை ஹெச்டிஆர் காட்டும். 2020இல் வந்த ஐபோன் 12 டால்பி விஷனில் எடுக்கவே செய்தது. பிள்ளைகள் பிறந்தநாள் கேக்கை ஹெச்டிஆரில் எடுத்துத் தள்ளுகிறார்கள், மெழுகுவர்த்தி கண்ணைக் குத்துகிறது. என் அபிப்பிராயம், இன்றைக்கு வருகிறதில் பாதி கண்ணைக் குத்துவதற்கென்றே எடுத்தது. நெருப்பு, நியான், நீச்சல்குளம். கடையில் டிவி விற்க அது போதும்.

பெரியவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏதோ சொன்னார். பெண் சிரித்தாள். பையன், என்ன, என்ன என்றான்.

"அம்மாவுக்கு ரொம்ப வேர்த்திருக்காம். ஜுரம் வந்த மாதிரி இருக்காம். அவர் அவ்வளவு பூசலையாம்" என்றாள் இந்தியில்.

பையன் முகம் கொஞ்சம் விழுந்தது. அந்தப் புள்ளிக்காகத்தான் காலையிலிருந்து இத்தனை பாடு. பெரியவர் அதைக் கவனிக்காமல் எழுந்து போய், மேலே தொங்குகிற பல்பை ஒயரோடு பிடித்து, ஒரு சாண் பின்னால் தள்ளி, மூங்கிலில் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். கன்னத்தின் நடுவில் இருந்த புள்ளி, வடிந்து, கன்ன எலும்பின் ஓரத்தில் நீளமாகப் படுத்தது. பையன் திரையைப் பார்த்தான். பெரியவரைப் பார்த்தான். காதில் இருந்த இயர்போனைத் தொட்டு, சாலிகிராமத்தைக் கூப்பிடலாமா என்று யோசித்து, விட்டுவிட்டான்.

இரண்டாவது தடவை எடுக்க ஆரம்பித்தபோது கங்கைப் பக்கமிருந்து காற்று வந்தது. சக்ர ரயில் போகிற சத்தம் வழக்கத்தைவிடப் பக்கத்தில் கேட்டது. ஈரக்காற்றுக்கு அப்படித்தான் கேட்கும். தலையைத் தூக்கி ஆகாயத்தைப் பார்ப்பதற்குள் இருட்டிவிட்டது. "பிருஷ்டி, பிருஷ்டி" என்று தெரு முழுக்க ஒரே குரல். எல்லாப் பட்டறைகளிலும் நீல பிளாஸ்டிக் தார்ப்பாய்கள் ஏக காலத்தில் விரிந்தன. காயாத கை, காயாத கால், காயாத யானைமுகன் எல்லாம் உள்ளே ஓடின. சொட்டு ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. நான் குவளையைப் போட்டுவிட்டு எதிரே தெரிந்த கூரைக்குள் ஓடினேன். அது அவர்கள் பட்டறை.

பெண் என்னைப் பார்த்தாள். கையில் ஏதும் இல்லாத கிழவன். ஒன்றும் கேட்காமல் தெர்மாகோலை என் கையில் கொடுத்து, இப்படிப் பிடியுங்கள் என்று சைகை காட்டிவிட்டு, கேமராவுக்குக் குடை பிடிக்கப் போனாள். பிடித்தேன். ஒரு பாகத் தூரத்தில் கேமராவின் திருப்புத் திரை.

மழையில் அந்தச் சந்து வேறு சந்து. வெளியே லட்சம் லக்ஸ் போய்ச் சில ஆயிரம்தான் மிச்சம். உள்ளுக்கும் வெளிக்கும் பெரிய தகராறில்லை. இப்போது எந்த ஓட்டைக் கேமராவும் இதை எடுத்துவிடும். ஆனால் தார்ப்பாய் வழியாக வருகிற வெளிச்சம் நீலம். எல்லார் முகமும் நீலம். பையன் வெண்சமநிலையை மாற்றினான், சரியாகவில்லை, மாற்றினான். பல்பு மஞ்சள், தார்ப்பாய் நீலம், இரண்டையும் ஒரே நேரத்தில் வெள்ளையாக்க எந்தக் கேமராவாலும் ஆகாது. கடைசியில் அப்படியே விட்டான். விட்டது நல்லதாயிற்று. அம்மன் முகத்தில் ஒரு பக்கம் பல்பின் மஞ்சள் கோடு, மற்ற பக்கம் மழையின் நீலக் கோடு. இரண்டுக்கும் நடுவில் எண்ணெய் பூசாத நெற்றி.

வேட்டியை எல்லோரும் மறந்துவிட்டிருந்தோம். காற்று ஒரு முனையை அவிழ்த்தது, அடுத்ததை அவிழ்த்தது, நனைந்து கனத்து, வாசல்படியில் களிமண் குழைத்து வைத்திருந்த இடத்தில் வந்து விழுந்தது. பின்பக்கம் சாம்பல் உருவம் ஒன்றின் விரலைத் தட்டிக் கொட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்த பொடியன் திரும்பிப் பார்த்தான். களிமண் காய்ந்து பிளக்கிற மூட்டுகளில் கந்தைத் துணியைக் கீற்றாகக் கிழித்து, குழைத்த மண்ணில் தோய்த்து, சுற்றி ஒட்டுவது இங்கே தினப்படி வேலை. அதற்கென்று பழந்துணி மூட்டையாக வந்து கிடக்கும். அவன் கண்ணுக்கு இதுவும் மூட்டையிலிருந்து நழுவினதுதான். பல்லால் கடித்து, ஒரு விரல் அகலத்துக்கு, நேர்த்தியாக ஒரு கீற்றுக் கிழித்தான்.

"டேய்..." என்றான் பையன். தமிழில்தான். பிறகு போனும் இல்லாமல், யாரிடமும் இல்லாமல், "அது எங்கப்பா வேட்டிடா" என்றான்.

பொடியனுக்குப் புரியவில்லை. பெண்ணுக்கும் புரியவில்லை. பெரியவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கன்னத்துக்குப் போய்விட்டார். எனக்குப் புரிந்தது. நான் தெர்மாகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் நிறுத்தவில்லை, திரை மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. பையன் கையை நீட்டினான், நீட்டின கையைக் கேமராவின் மேல் வைத்தான், மெதுவாக அதைப் பொடியன் பக்கம் திருப்பினான். சட்டத்துக்குள் ஒரு களிமண் கை வந்தது, ஐந்து விரல், ஒன்றில் பிளவு. பொடியன் கீற்றை உதறி, அந்த விரலின் மேல் வைத்தான். என் கையிலிருந்த தெர்மாகோலின் வெளிச்சம் அதன் மேல் விழுந்து, திரையில் அந்த ஒரு விரல் அகலத் துணியில் மட்டும் ஜீப்ராக் கோடுகள் ஓடின. பொடியன் கட்டைவிரலால் மண்ணை எடுத்து அதன்மேல் தடவினான். கோடுகள் ஒரு முனையிலிருந்து அணைந்துகொண்டே போயின.